கொல்லிப்பாவைக்கு எழுப்பத் தெரியாது

உலகத்தின் முதல் மயக்க டாக்டர் நாமக்கல் மாவட்டத்துக்காரி என்று சொன்னால் அமெரிக்காக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். பெயர் கொல்லிப்பாவை, முகவரி கொல்லிமலை. சங்கப் புலவர்களே அவளைப் பற்றிப் பாடியிருப்பதால் பதிவு மூப்பு நம் பக்கம்தான். மலையில் தவமிருந்த முனிவர்களை அசுரர்கள் தொந்தரவு செய்ய, தேவலோகத்துத் தச்சன் ஒரு பெண் பாவையைச் செய்து காவலுக்கு நிறுத்தினான் என்பது கதை. அசுர வாடை பட்டதும் பாவை சிரிக்கும். அந்தச் சிரிப்பில் சொக்கி அசுரன் கிட்டே வருவான். அவ்வளவுதான், முடிந்தது. ஊசி கிடையாது, முகமூடி கிடையாது, சொந்தக்காரர்களிடம் கையெழுத்து வாங்கும் படிவம்கூடக் கிடையாது. ஆசாமிக்கு இம்மியளவும் வலி தெரியாது.

ஒரே ஒரு குறை. அவளிடம் மயங்கினவன் எவனும் எழுந்ததில்லை.

இந்தத் தொழிலில் அது சின்னக் குறை இல்லை. ஆளை மயக்கக் கள்ளுக்கடை போதும், தேர்தல் அறிக்கை போதும். மயங்கினவன் வயிற்றுக்குள் இன்னொருத்தர் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருக்கும்போது மூச்சும் நாடியும் கலையாமல் பார்த்துக்கொண்டு, வேலை முடிந்ததும் "ஏனுங்க, கண்ணைத் தொறங்க" என்று எழுப்பிப் பெண்டாட்டி பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டுமே, அங்கேதான் சம்பளம். முதல் பாதியை மனுசன் சீக்கிரம் கற்றுக்கொண்டான். இரண்டாம் பாதியைக் கற்றுக்கொள்வதற்குள் அவன் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்த வழக்கு தாரா நகரத்துப் போஜராஜன். ராஜாவுக்குத் தாங்க முடியாத தலைவலி. குளத்துத் தண்ணீரை உறிஞ்சி மூக்கைக் கழுவியதில் மீன்குஞ்சு உள்ளே போய் மண்டைக்குள் குடியேறிவிட்டதாம். அசுவினி தேவர்கள் மாறுவேஷத்தில் வந்து, ஒரு பொடியால் ராஜாவை மயக்கி, மண்டையைத் திறந்து மீனை எடுத்து, மறுபடி மூடி, வேறொரு மருந்தால் எழுப்பினார்கள் என்று பல்லாளரின் போஜப்பிரபந்தம் சொல்கிறது. போஜன் பதினோராம் நூற்றாண்டு, நூல் பதினாறாம் நூற்றாண்டு. ஐந்நூறு வருஷத்தில் மீன் கொஞ்சம் வளர்ந்திருக்கலாம். ஆனாலும் கதை சொன்னவர் விவரமானவர். மயக்க ஒன்று, எழுப்ப ஒன்று என்று இரண்டு மருந்து வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டின் செய்முறையையும் எழுதிவைக்காமல் போனதில்தான் அவர் நம்மாள் என்று தெரிகிறது.

கதையை விட்டு வரலாற்றுக்கு இறங்கினால் எதிரே ஒரு மூக்கு வருகிறது. 1792-இல் திப்பு சுல்தான் தோற்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை எழுதிக்கொடுத்தார். பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி கலெக்டராக வந்து, தாமஸ் மன்றோ போன்ற உதவியாளர்களை வைத்துக்கொண்டு நிலத்தை அளந்து வரி போட்டார். அதற்கு மயக்க மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

அதே சண்டையில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஒரு வருஷம் மூக்கில்லாமல் காலம் தள்ளிவிட்டுப் புனே பக்கம் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவரிடம் போனார். அவர் மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டி நெற்றியில் விரித்து அளவெடுத்து, அந்த அளவுக்கு நெற்றித் தோலை உரித்துத் திருப்பி மூக்கு இருந்த இடத்தில் ஒட்டினார். வெற்றிலையோடு போடுகிறோமே காசுக்கட்டி, அதைக் குழைத்துத் துணியில் தோய்த்துக் கட்டுப்போட்டார். மூக்கு பிடித்துக்கொண்டது. 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதைப் படத்தோடு போட, ஐரோப்பிய வைத்தியர்கள் வாயைப் பிளந்தார்கள். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரிக்காரர்கள் இன்னும் அந்த மூக்கைக் கொண்டாடுகிறார்கள். நெற்றியை உரிக்கும்போது காவஸ்ஜி எப்படிக் கத்தினார் என்பதுதான் இந்தக் கதையில் யாருக்கும் வேண்டாத பகுதி.

அந்தக் காலத்து ஆபரேஷனுக்கு வேண்டிய சாமான்கள்: கூரான கத்தி, கொஞ்சம் சாராயம் அல்லது அபின், அமுக்கிப் பிடிக்க நாலு தடியர்கள். நல்ல சர்ஜன் என்றால் வேகமான சர்ஜன். லண்டன் ராபர்ட் லிஸ்டனுக்குக் காலை எடுக்க மூன்று நிமிஷம் அதிகம். ஒருமுறை அந்த வேகத்தில் உதவியாளரின் விரல்களையும் சேர்த்து எடுத்துவிட்டார். வேடிக்கை பார்த்தவரின் கோட்டில் கத்தி பட, அவர் பயத்திலேயே போய்ச் சேர்ந்தார். நோயாளியும் உதவியாளரும் பின்னால் சீழ் பிடித்துச் செத்தார்கள். ஆக ஒரு ஆபரேஷன், மூன்று சாவு என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கிடையாது. ஆனால் மருத்துவ மாணவர்கள் அதை விடுவதாக இல்லை.

வேகத்துக்கு முடிவு கட்டியது அமெரிக்கா. அங்கே நான்கு பேர் ஒரே மயக்கத்துக்கு உரிமை கொண்டாடினார்கள்.

முதல் ஆள் ஜார்ஜியாவின் கிராஃபோர்ட் லாங். அவர் ஊர் இளவட்டங்கள் பொழுதுபோக்குக்கு ஈதரை முகர்ந்து ஆட்டம் போடுவார்கள். இடித்துக்கொண்டு விழுவார்கள், வலியே தெரியாது. டாக்டர் இதைக் கவனித்து, 1842 மார்ச் 30 அன்று ஜேம்ஸ் வெனபிள் என்பவருக்கு ஈதர் கொடுத்துக் கழுத்துக் கட்டியை எடுத்தார். பில் இரண்டு டாலர். பிறகு ஏழு வருஷம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1849-இல் எழுதினபோது பந்தி முடிந்திருந்தது.

இரண்டாம் ஆள் ஹார்ட்ஃபோர்ட் பல் டாக்டர் ஹொரேஸ் வெல்ஸ். 1844 டிசம்பரில் சிரிப்பு வாயு காட்சிக்குப் போனார். வாயுவை முகர்ந்த ஒரு கடைப்பையன் முழங்காலுக்குக் கீழே ரத்தம் ஒழுக இளித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். மறுநாளே தன் பல்லை வாயு பிடித்துப் பிடுங்கிக்கொண்டார், வலிக்கவில்லை. அடுத்த மாதம் பாஸ்டனில் பெரிய மனிதர்கள் முன்னால் செய்து காட்டப் போனார். நோயாளி முனகிவிட்டான். அரங்கமே கேலி செய்து விரட்டியது.

மூன்றாம் ஆள் அவரோடு முன்பு தொழில் செய்த வில்லியம் மார்ட்டன். 1846 அக்டோபர் 16, பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. புதுக் கருவி செய்துகொண்டு நேரம் கழித்து வந்து சேர்ந்தார். கில்பர்ட் அபாட் என்ற இளைஞருக்கு ஈதர் கொடுத்தார், வாரன் என்ற கிழட்டு சர்ஜன் கட்டியை அறுத்தார், அபாட் கத்தவில்லை. உலக மயக்கவியல் நாள் என்று ஒவ்வொரு அக்டோபர் 16-ஆம் தேதியும் கொண்டாடுவது இதைத்தான். ஈதர் எல்லாக் கடையிலும் கிடைக்கும் சரக்கு. அதற்குச் சாயமும் வாசனையும் சேர்த்து 'லீதியான்' என்று புதுப்பெயர் வைத்துக் காப்புரிமை வாங்கினார் மார்ட்டன். மூக்குள்ள எல்லோருக்கும் அது என்னவென்று தெரிந்துபோயிற்று.

நான்காம் ஆள் வேதியியலாளர் சார்லஸ் ஜாக்சன். யோசனையே என்னுடையது என்றார். தந்தியைக் கண்டுபிடித்ததும் தானே என்று ஏற்கெனவே மோர்ஸோடு சண்டை போட்டவர் அவர்.

முடிவு என்ன? வெல்ஸ் 1848-இல் குளோரோபார்ம் பழக்கத்தில் புத்தி பிசகி, தெருவில் போன பெண்கள் மேல் அமிலத்தை வீசிச் சிறைக்குப் போய், அங்கேயே உயிரை விட்டார். மார்ட்டன் பரிசுப் பணத்துக்காக அமெரிக்கக் காங்கிரஸில் வருஷக்கணக்காக வழக்காடி ஓட்டாண்டியாகி 1868-இல் நியூயார்க்கில் சுருண்டு விழுந்தார். ஜாக்சன் 1880-இல் மனநல விடுதியில் இறந்தார். லாங் மட்டும் ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டு இருந்தார். ஊருக்கெல்லாம் வலியைப் போக்கினவர்கள் ஒருத்தருக்கொருத்தர் தலைவலி கொடுத்தே ஓய்ந்தார்கள்.

இதற்குள் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் என்ற பிரசவ டாக்டர், ஈதர் நாற்றம் பிடிக்காமல், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் நண்பர்களைக் கூட்டிவைத்து ஒவ்வொரு குப்பியாக முகர்ந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டிருந்தார். 1847 நவம்பர் 4 அன்று குளோரோபார்ம் குப்பி திறந்தது. மூன்று டாக்டர்களும் மேசைக்கு அடியில் கிடந்தார்கள். விழித்ததும், ஆகா, இதுதான் சரக்கு என்று முடிவு செய்தார்கள். மூன்று மாதம் ஆகவில்லை, 1848 ஜனவரி 28 அன்று நியூகாசில் பக்கம் ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால் விரல் நகம் எடுக்கப் போய்ச் செத்துப்போனாள். நகம்! மயங்கியவள் வெளுத்துப்போனதும் வாயில் பிராந்தி ஊற்றியிருக்கிறார்கள். மயங்கினவள் வாயில் திரவம் ஊற்றுவது அன்றைக்கு முதலுதவி. இன்றைக்குக் கொலை என்று எழுதிவிடுவார்கள். தன் மருந்து கொல்லவில்லை, பிராந்திதான் அடைத்துக்கொண்டது என்றார் சிம்சன்.

இந்த இடத்தில்தான் என் மனசுக்குப் பிடித்த ஆள் வருகிறார். ஜான் ஸ்னோ. லண்டன் டாக்டர், கூச்ச சுபாவம், சாராயத்தைத் தொடமாட்டார், பல வருஷம் கறியும் தின்றதில்லை. மற்றவர்கள் கைக்குட்டையில் மருந்தைக் கொட்டி மூக்கில் அமுக்கிக்கொண்டிருந்தபோது, இவர் ஒருத்தர்தான் காற்றில் எவ்வளவு மருந்து கலந்தால் ஆள் எவ்வளவு தூரம் போவான் என்று கணக்குப் பார்த்தார். அளவாக வரக் கருவி செய்தார். யாருக்குக் கொடுத்தேன், எவ்வளவு, எப்படி விழித்தார் என்று ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார். 1853 ஏப்ரல் 7 அன்று விக்டோரியா மகாராணிக்கு எட்டாவது பிரசவம். ஸ்னோ வந்து துணியில் சொட்டுச்சொட்டாகக் குளோரோபார்ம் விட்டு 53 நிமிஷம் பக்கத்திலேயே இருந்தார். பிரசவ வலியைக் குறைப்பது பைபிளுக்கு விரோதம் என்று முணுமுணுத்த ஆட்கள், ராணியம்மாவே வாங்கிக்கொண்டதும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் இதே ஸ்னோதான் காலராவுக்குத் தண்ணீர்தான் காரணம் என்று தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். குழாய்க்காக உலகம் அவரைத் தெரிந்துவைத்திருக்கிறது. மயக்கத்துக்காகத் தெரிந்துவைத்திருப்பவர்கள் மயக்க டாக்டர்கள் மட்டும்தான். மார்ட்டன் மயக்கிக் காட்டினார், ஸ்னோ உட்கார்ந்து கவனித்தார். என் ஓட்டு ஸ்னோவுக்கு.

பாஸ்டன் சமாச்சாரம் கப்பலேறி 1847 மார்ச் 22 அன்று கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. அங்கே ஈதருக்கு முன்பே ஒரு போட்டியாளர் கடை விரித்திருந்தார். ஜேம்ஸ் எஸ்டெய்ல், ஹூக்ளி சர்ஜன். மருந்தே வேண்டாம், வசியம் போதும் என்பது அவர் கட்சி. இருட்டறையில் நோயாளியைப் படுக்கவைத்து, உதவியாளர்கள் மணிக்கணக்காக உடம்புக்கு மேல் கையை இப்படியும் அப்படியும் ஓட்டுவார்கள். ஆள் அசந்ததும் எஸ்டெய்ல் யானைக்கால் நோயால் வந்த பெரிய பெரிய கட்டிகளை அறுத்தெடுப்பார். பலர் கத்தவில்லை என்பது உண்மை. அரசாங்கம் கமிட்டி போட்டு விசாரித்து, கல்கத்தாவில் வசிய ஆஸ்பத்திரி ஒன்றே திறந்து கொடுத்தது. ஆனால் மணிக்கணக்காகக் கை ஓட்டுவதை ஈதர் நிமிஷக் கணக்கில் முடித்துவிட்டது. நம் ஊர்ப் பூசாரிகள் வேப்பிலையோடு செய்வதற்குக் கும்பினி அரசாங்கம் ஆஸ்பத்திரி திறந்துகொடுத்தது என்ற பெருமை மட்டும் மிச்சம்.

இந்தியாவின் உச்சக்கட்டக் கூத்து ஐதராபாத்தில். குளோரோபார்ம் கொடுக்கும்போது மூச்சைப் பார்ப்பதா, நாடியைப் பார்ப்பதா என்று எடின்பரோவுக்கும் லண்டனுக்கும் தகராறு. ரெசிடென்சி சர்ஜன் எட்வர்ட் லாரி எடின்பரோ கட்சி: மூச்சைப் பார், நாடியை மறந்துவிடு. 1888-இல் ஊர் நாய்களைப் பிடித்துக் குளோரோபார்ம் கொடுத்து நிரூபித்தார். லண்டன் 'லான்செட்' பத்திரிகை நம்ப மறுத்தது. நிஜாம் மகபூப் அலி கான் என்ன செய்தார்? ஆயிரம் பவுனை எடுத்து வீசி, நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் ஆளையே அனுப்புங்கள் என்றார். 1889-இல் லாடர் பிரன்டன் கப்பலேறி வந்தார். மறுபடியும் நாய்கள், கூடவே குரங்குகள், ஆடுகள், குதிரைகள். முடிவு: மூச்சுதான் முதலில் நிற்கிறது, லாரி சொன்னதுதான் சரி. வெற்றி விழா. 1911-இல் குட்மன் லெவி என்பவர் பூனைகளை வைத்து, அரைகுறை குளோரோபார்மில் இதயம் நேரடியாகத் தடுமாறி நின்றுவிடும் என்று காட்டியதும் விழாப் பந்தல் பிரிந்தது. மூச்சையும் பார், நாடியையும் பார் என்று ஒரு கிழவி சொல்லியிருப்பாள், செலவில்லாமல். இந்த அமளியில் உருப்படியாகக் கிடைத்தது ஒருவர்: ரூபாபாய் ஃபர்தூன்ஜி. ஐதராபாத்தில் படித்து, குளோரோபார்ம் கொடுப்பதையே தொழிலாக்கி, எடின்பரோவுக்கும் போய்ப் படித்துவந்தவர். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று பலரும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

முதுகில் ஊசி போடும் கதையையும் சொல்லிவிடுகிறேன், நம் பெண்கள் எதிர்பார்ப்பார்கள். ஜெர்மனியில் கீல் நகரம், 1898 ஆகஸ்ட். அகஸ்ட் பியர் என்ற சர்ஜன் முதுகுத்தண்டுத் திரவத்தில் கொக்கெய்ன் செலுத்தி ஆபரேஷன் செய்தார். வேலை செய்தது, ஆனால் பின்னால் தலைவலி. காரணம் பார்க்கத் தனக்கே போடச் சொன்னார். உதவியாளர் ஹில்டபிரான்ட் ஊசியைக் குத்திவிட்டார், மருந்துக் குழாய் ஊசியோடு பொருந்தவில்லை. முதுகுத் திரவம் கொட்டியதுதான் மிச்சம். சரி, உனக்குப் போடுகிறேன் என்று ஹில்டபிரான்டுக்குப் போட்டார். மரத்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் அடித்தார். சுருட்டால் சுட்டார். பத்திரிகையில் எழுதக் கூடாத இடத்து முடியைப் பிடுங்கினார். ஹில்டபிரான்ட், ஒன்றும் தெரியவில்லை ஐயா, என்று சந்தோஷமாகப் படுத்திருந்தார். ராத்திரி இருவரும் ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள். மறுநாளிலிருந்து பியருக்கு நாள்கணக்காகத் தலை தூக்க முடியாத வலி. ஹில்டபிரான்டுக்கு வாந்தி, கால் முழுக்கக் கன்றிப்போன காயம்.

போர் லாரி புறப்படும் சீமையான திருச்செங்கோட்டுப் பக்கம், முதுகில் ஊசி என்றதும் மனக்கண்ணில் ரிக் வண்டிதான் வந்து நிற்கும். உண்மையில் இப்போதைய ஊசி ரொம்ப மெல்லிசு, அவ்வளவுதான். ஆனாலும் பிரசவத்துக்கு முதுகில் ஊசி போட்டுக்கொண்ட அம்மணி, பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும் வயதிலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அன்னிக்குப் போட்ட ஊசிதானுங்க" என்பார். ஆய்வுகள் பெரும்பாலும் ஊசியின் மேல் பழி போடவில்லை. பத்து மாதச் சுமையும், குனிந்து பால் கொடுத்ததும், தண்ணீர்க் குடமும் சாட்சிக் கூண்டுக்கே வருவதில்லை.

மறுபடியும் கொல்லிமலைக்கு வருவோம். 1907-இல் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இந்தியாவுக்கு வந்தார். கட்டட வேலை தெரிந்தவர், லண்டனில் ஒரு வருஷம் வைத்தியப் பாடமும் படித்தவர். கொல்லிமலை என்றால் மலைக்காய்ச்சல், ஏறினால் எமலோகம் என்று சமவெளிக்காரர்கள் அஞ்சிய காலம். 1913-இல் எவ்லின் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு அந்த மலைக்குக் குடித்தனம் போனார். கட்டி கீறுவார், நரம்புச் சிலந்திப் புண்ணுக்கு மருந்து போடுவார், பல் பிடுங்குவார். மயக்க மருந்தா? மலையேறி வர அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. மலைக்காரர்கள் கூட்டம் கூடி நிற்க, ஆசாமி வாயைத் திறப்பான், பல் வரும், கூட்டம் கலையும். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த அவர் மகன் பால், சீழையும் ரத்தத்தையும் பார்த்து அருவருத்து, டாக்டர் தொழிலே வேண்டாம் என்று இருந்தார். ஒன்பது வயதில் படிக்க லண்டனுக்கு அனுப்பினார்கள். 1929-இல் காய்ச்சலில் அப்பா இறந்தார். அம்மா மலையை விடவில்லை; கிழவி ஆனபிறகும் குதிரைமேல் ஏறி மலைமலையாகச் சுற்றி, 1974-இல் 95 வயதில்தான் ஓய்ந்தார்.

பால் பிராண்ட் கடைசியில் டாக்டர்தான் ஆனார். படித்தது யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரி, மின்னல்வேக லிஸ்டன் கத்தி வீசிய அதே இடம். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றிவைத்து நிமிர்த்தினார். அப்போது ஒன்று தெரிந்தது. விரல்கள் நோயால் அழுகி விழவில்லை. வலி தெரியாததால், சூடான பாத்திரத்தைத் தொட்டும், ஆணி ஏறிய செருப்போடு நடந்தும், அவர்களே அறியாமல் உடம்பைத் தேய்த்துவிட்டிருந்தார்கள். சிலருக்கு ராத்திரி இருந்த விரல் காலையில் இல்லை. விழித்திருந்து பார்த்தார்கள்: எலி. தூங்குகிறவன் விரலை எலி தின்கிறது, அவனுக்குத் தெரியவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து, ஆளுக்கொரு பூனை.

பிறகு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனவர் செயற்கையாக வலி உண்டாக்கப் பார்த்தார். கையுறையில் உணர்கருவி, அழுத்தம் அதிகமானால் காதில் சத்தம். யாரும் சட்டை செய்யவில்லை. அக்குளில் மின்சார அதிர்ச்சி வைத்தார். ஏதாவது வேலை செய்ய வேண்டுமென்றால் நோயாளிகள் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் செய்தார்கள். வலிக்கு ஸ்விட்ச் நம் கையில் இருக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு திட்டத்தைக் கைவிட்டார். வலி ஒரு வரம் என்று புத்தகமே எழுதிவிட்டு 2003-இல் காலமானார்.

கொல்லிமலைப் பையன் கண்டுபிடித்ததைக் கேட்டபிறகு மயக்க டாக்டரின் வேலை வேறு மாதிரித் தெரிகிறது. அந்த ஸ்விட்சைச் சில மணி நேரத்துக்கு அணைப்பவர் அவர். அணைத்த நொடியிலிருந்து வலி செய்துகொண்டிருந்த காவல் அவ்வளவும் அவர் தலையில். கண் இமை மூடாமல் கருவிழி காய்ந்துவிடும் என்று பிளாஸ்திரி ஒட்டுவார். முழங்கை மேசை விளிம்பில் அழுந்தி நரம்பு செத்துவிடும் என்று பஞ்சு வைப்பார். தாடையைத் தூக்கிப் பிடிப்பார், நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைக்கும் என்பதால். விரலில் மாட்டும் கிளிப் ஜப்பான்காரர் தக்குவோ அயோயாகி 1974-இல் வெளியிட்ட தத்துவம். கொரோனாவில் நாம் எல்லோரும் வாங்கி மேசை டிராயரில் போட்டிருக்கிறோமே, அதுதான். அவர் இறந்ததும் அதே 2020 ஏப்ரலில். தியேட்டரில் அந்தக் கருவியின் 'பீப்' சத்தம் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறையச் சுருதி இறங்கும். சர்ஜனோடு மேட்டூர் அணை நீர்மட்டம் பேசிக்கொண்டிருந்தாலும் மயக்க டாக்டரின் காது அந்தச் சுருதியில்தான் இருக்கும். அரை சுரம் இறங்கினால் அணை அந்தரத்தில் நிற்கும்.

சாராயத்தை விட்டுவிட்டேன். 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதல்முறையாக மதுவிலக்கு வந்த மாவட்டம் நம் சேலம்தான், நாமக்கல்லும் அப்போது அதற்குள். கொண்டுவந்தவர் ராஜாஜி, சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தியவர். ஆதி காலத்து மயக்க மருந்து ஒரே நாளில் சட்டவிரோதம் ஆயிற்று. ஸ்னோ இருந்திருந்தால் தந்தி அடித்து வாழ்த்தியிருப்பார். இதற்கு முன் அயர்லாந்தின் வட பகுதியில் பாதிரியார்கள் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்க, ஜனங்கள் சத்தியத்தை மீறாமல் ஈதரை வாங்கிக் குடித்தார்கள். சாராயத்தையும் கந்தக அமிலத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் வருவதுதான் ஈதர். நம் சேலத்துக்காரர்கள் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள், அது வேறு கட்டுரை. மயக்க டாக்டருக்கு இதில் அக்கறை உண்டு. தினம் குடிக்கிறவருக்கு மருந்து அளவு மாறும். பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது "பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டால் நாமக்கல்லில் ஒருத்தரும் குடிக்கிறதில்லை. வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால்தான் கணக்கு வரும்.

இப்போது சேலத்தில் 1986-இலிருந்து மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாமக்கல்லிலும் 2022-இல் வந்துவிட்டது. மானிட்டர் வந்துவிட்டது, மருந்து வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். ராசிபுரம் பக்கத்து ஆயா, பித்தப்பைக் கல் ஆபரேஷன், காலை பத்து மணி.

"காலையில ஏதாச்சும் சாப்டீங்களா ஆயா?"

"பச்சத்தண்ணி பல்லுல படலீங்க சாமி."

"டீ, காபி?"

"டீ மட்டும் ஒரு வாய் குடிச்சனுங்க."

"வெறும் டீயா?"

"வெறும் டீ பித்தமுங்களே. ரெண்டு பன்னு நனைச்சுக்கிட்டனுங்க."

மகன் குறுக்கே விழுந்தான். "அது வெடியால ஆறு மணிக்குங்க சார்."

"ஏன்டா, ஏழரைக்குத்தான இட்டிலி வாங்கியாந்த?"

ஆபரேஷன் மறுநாளைக்குப் போனது. சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார், மகன் மயக்க டாக்டரை முறைத்தான். ஊருக்குள் பேச்சு, "மயக்க டாக்டருதான் ஆகாதுன்னுட்டாரு". மயங்கும்போது தொண்டையின் காவலும் போய்விடுகிறது. வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நியூயார்க்கின் கர்டிஸ் மெண்டல்சன் 1946-இல் 44,016 பிரசவக் கேஸ்களைப் புரட்டி, 66 பேருக்கு அப்படி ஆனதைக் கணக்கெடுத்து எழுதிய பிறகுதான் வெறும் வயிறு சட்டமாயிற்று. பொதுவாகக் கெட்டி உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த தண்ணீருக்கு இரண்டு மணி நேரம். பால் ஊற்றிய டீ தண்ணீர்க் கணக்கில் வராது. பன் கெட்டி உணவுக் கணக்கு.

ஆகவே உங்களுக்கோ உங்கள் வீட்டு ஆயாவுக்கோ நாள் குறித்திருந்தால், முந்தின நாள் மயக்க டாக்டர் கேட்பதற்கெல்லாம் உண்மையைச் சொல்லுங்கள். தின்றது, குடித்தது, ஆடுகிற பல், கட்டின பல், ஆஸ்துமா, குறட்டை, பிரஷர் மாத்திரை, நாட்டு மருந்து, சொந்தக்காரர் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, எதையும் மறைக்க வேண்டாம். சர்ஜன் பெயரைக் கேட்டுவைத்த மாதிரி அவர் பெயரையும் கேட்டுவையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது பில்லில் மயக்க டாக்டருக்கென்று தனியாக ஒரு வரி இருக்கும். பேரம் பேசுவதானால் ரூம் வாடகையில் பேசுங்கள், அந்த வரியைத் தொடாதீர்கள்.